இந்த முறை கைதட்ட வேண்டாம்

விழாவுக்குத் தலைமை தாங்கி, மேலிடத்தின் ஆணையையும் தாங்கி, இந்தப் புழுக்கத்தில் கோட்டையும் தாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, எந்த நேரமும் எழுந்து ஓடத் தோதாக நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் கணக்கு அதிகாரி அவர்களே, வேலையில் இருக்கும் பெரியோர்களே, வேலை போன பெரியோர்களே, இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் என் போன்ற அன்பர்களே, அரைச் சம்பளத்தில் முழுக் குடும்பம் நடத்தும் வித்தையைக் கரைத்துக் குடித்த தாய்மார்களே, பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டும் இந்த எளியவனின் வணக்கம்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவு அக்காவுக்கு விடைகொடுத்து வாழ்த்திப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? இந்த ஆலையில் யாரை வீட்டுக்கு அனுப்பினாலும் நான்தான் பேசுவேன். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பேசினேன். இப்போது வாரம் தவறாமல் பேசுகிறேன். நாடே நலிந்து கிடக்கும் இந்த நாளில், நாளுக்கு நாள் வளர்கிற தொழில் என் தொழில் ஒன்றுதான்.

நாம் செய்வது என்ன? மின்விசிறி. ஊருக்கு வியர்க்கவில்லையா? வியர்க்கிறது. வாங்க ஆள் இருக்கிறார்களா? இல்லை. ஏன் இல்லை? அவர்கள் ஆலையிலும் என்னைப் போல் ஒருவன் வாரந்தோறும் வாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கிறான். நம் ஆளை, அவர்கள் சரக்கை வாங்க விடாமல், நாம் வீட்டுக்கு அனுப்புகிறோம். அவர்கள் ஆளை நம் விசிறி வாங்க விடாமல் அவர்கள் அனுப்புகிறார்கள். இதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் பொருளாதார மந்தநிலை. என்ன அங்கே சிரிப்பு? வயிற்றுக்கு வருகிற மந்தமாக இருந்தால் ஒரு கஷாயத்தில் போயிருக்கும்.

போன மாதம் பெயின்ட் பிரிவு மாமாவை இதே மேடையில் வாழ்த்தினேன். "ஆலையின் முதுகெலும்பே" என்று முழங்கினேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏம்பா, முதுகெலும்ப உருவி வெளியில போட்டுட்டு எப்படி நிமிர்ந்து நிக்கப் போறீங்க?" என்று கேட்டார். மைக் அணைந்திருந்தது. இல்லையென்றால் அடுத்த வாரமே என்னையும் வாழ்த்தியிருப்பார்கள். பரிசாக அவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தோம். அவர் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே மணி பாத்து எங்க கிளம்பணும்?" என்றார்.

சம்பளம் குறைந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. மனிதர்கள் குறைந்து போனதை எப்படிப் பொறுப்பது? திங்கட்கிழமை அக்கா பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறியது. மதியம் அவர் கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த மேசையே காலியானது. வேலை போவது தொற்றுநோயா? பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா? அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். "பரவாயில்ல, இன்னைக்குத்தான் கைய வீசிச் சாப்பிட இடம் கிடைச்சிருக்கு" என்று சோற்றைப் பிசைந்தார். அதைக் கேட்டு வெட்கம் பிடுங்கித் தின்றது என்னை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும் மேலாளர் எழுந்து, "விருப்ப ஓய்வில் செல்பவருக்கு மகிழ்ச்சியோடு விடைகொடுக்கிறோமா?" என்று கேட்பார். நாம் கைதட்டுவோம். தொழிலாளர்கள் ஒருமனதாக ஏற்றார்கள் என்று மேலிடத்துக்குச் செய்தி போகும். உலகத்தில் எங்காவது உண்டா இந்தக் கூத்து? சொந்த ஆட்களை நாமே தட்டித் தட்டி வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறோம். மரியாதைக்குத் தட்டினோம். அது சம்மதமாகப் போய்விட்டது. அக்காவின் கணவர் வார்ப்புப் பிரிவிலிருந்து போனபோது அக்காவும் நம்மோடு சேர்ந்து தட்டினார். இப்போது அந்த வீட்டில் உலை கொதிப்பது அக்காவின் சம்பளத்தில் மட்டும்தான்.

இன்று காலை ஆலை கேட் அருகே அக்கா என்னை நிறுத்தினார்.

"தம்பி, நல்லா பேசு. ஆனா நானா விரும்பிப் போறேன்னு மட்டும் சொல்லிடாத."

"ஏன்க்கா, வழக்கமா சொல்றதுதானே?"

"எம்பொண்ணு முன்வரிசையில உக்காந்திருப்பா. அவ காலேஜுக்குப் போகணும். அம்மாவே வேலைய வேண்டாம்னு விட்டுட்டு வந்துட்டான்னு அவ நினைக்கக் கூடாது."

இதோ இருக்கிறாள் அந்தப் பெண். தங்கச்சி, உன் அம்மா விரும்பவில்லை. ஓய்வு கேட்டு எழுதிக் கொடுக்கவும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மேலாளர் அவர்களே, கைக்குட்டையை எடுத்துவிட்டீர்கள், துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஆளைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நீங்கள் ஒருவரே மிஞ்சினால், உங்களை வாழ்த்திப் பேச யார் இருப்பார்கள்? அதனால் கேளுங்கள். நேற்று வைண்டிங் பிரிவு மொத்தமும் கூடிப் பேசியது. வேலை குறைந்திருக்கிறதா? குறைந்த வேலையைக் கூறுபோட்டுக்கொள்கிறோம். வாரத்தில் ஒரு நாள் வேலையையும் அந்த நாள் சம்பளத்தையும் ஆளாளுக்கு விட்டுத் தருகிறோம். வலி எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கட்டும், ஒருத்தருக்கே முழுசாக வேண்டாம். பேக்கிங் பிரிவும் இதற்குத் தயார். மேலிடத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

அன்பர்களே, கைதட்டலுக்காகவே வாழ்கிறவன் நான். ஒருவர் தட்டத் தவறினாலும் அன்று சோறு இறங்காது எனக்கு. அப்படிப்பட்டவன் இன்று கையெடுத்துக் கேட்கிறேன். மேலாளர் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஒருவரும் தட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்ட முடியாது பாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நடுவில் மைக்கை அணைக்காத எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி. வாழ்த்துரை கிடையாது, அக்காவுக்கு வாங்கி வைத்த கடிகாரத்தைக் கடைக்கே திருப்பி அனுப்புங்கள். அக்கா, நாளைக்குக் காலை ஷிஃப்டுக்கு நேரத்தோட வந்துடுங்க. வணக்கம்.