யுவஸ்ரீ செய்த பக்கம்

“ஹலோ... ஹலோ, யுவஸ்ரீ அப்பாங்களா?... ஆங், நான் ஈவ்லின் டீச்சர். கம்ப்யூட்டர் டீச்சருங்க. ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கீங்க, கிளாஸ்ல இருந்தேன்... ஆங், ஆங், இப்ப சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்க. சொல்லுங்க. பொண்ணு ஏன் மூணு நாளா வரல?...”

பதில் அவ்வளவு சத்தமாக வரும் என்று ஈவ்லின் எதிர்பார்க்கவில்லை. போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தபடி கம்ப்யூட்டர் அறையின் கதவைச் சாத்தினாள்.

“கேட்டுகினுதாங்க இருக்கேன்... இல்ல, நெட்ல ஏத்தினது நான்தான். அவ இல்ல. அவள அடிச்சீங்களா?... ஆங், சரி. சரிங்க... பதினோராங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு வெப் பேஜ் செய்ய சொல்லித்தரேன். போட்டோ எப்படி வெக்கறது, எழுத்த எப்படி போடறது, அடியில ஒரு பெட்டி வெச்சி படிக்கிறவங்கள எப்படி பதில் எழுத வெக்கறது... ஆங், அதேதான். ஆளுக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னேன். ஒருத்தன் திருவாலங்காட்டுக் கரும்பு பத்தி செஞ்சான். உங்க பொண்ணு அவ அக்காவப் பத்தி... யாரு, உங்க பாவா பாத்தாரா? நகரியிலயா?...”

வகுப்பில் யாரோ அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றி நகரியில் இருக்கும் மைத்துனர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கே.ஜி.கண்டிகையில் நிலம் வைத்திருக்கும் யுவஸ்ரீயின் அப்பா பெருமாளுக்கு அவர் போன் செய்து சிரித்தாராம். பெருமாளின் மூத்த மகள் தேவிப்பிரியா மூன்று வருடத்துக்கு முன்பு ஸ்டீவன் என்ற பையனோடு வீட்டை விட்டுப் போனவள். அதன் பிறகு அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதெல்லாம் ஈவ்லினுக்கு இப்போதுதான் தெரிந்தது. “அக்கா கல்யாணம் ஆகி வெளியூர்ல இருக்குறா மிஸ்” என்று மட்டும்தான் யுவஸ்ரீ சொல்லியிருந்தாள். நீலத் தாவணியில் அக்காவின் போட்டோ, அதன் கீழே ஒரே வரி: ‘அக்கா, இத நீ பாத்தா கீழ இருக்குற பெட்டியில எழுது.’ போட்டோ சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்து, இருபதுக்கு இருபது போட்டு, நெட்டில் ஏற்றிவிட்டாள் ஈவ்லின். அந்த வரியை ஒருமுறையாவது நிதானமாகப் படித்திருக்கலாம்.

“தப்பு என் மேலதாங்க... ஆங், கேட்டிருக்கணும். கேக்கல... என்னது?... ஆங், நானும் அதே சபைதான். ஸ்டீவனோட அம்மாவ சர்ச்சுல பாத்திருக்கேன், அவ்ளோதான். அதுக்காக நாங்கல்லாம் சேந்துகினு உங்க குடும்பத்த கெடுக்கறோம்னு சொல்லாதீங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது...”

ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். அணைக்காமல் விட்டிருந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனவள், தன் மேசைக்கு வந்ததும் நின்றாள். பிள்ளைகளின் பெட்டிகளில் எழுதப்படும் எல்லாமே, எழுதியவரின் மெயில் முகவரியோடு, அவளுடைய மெயிலுக்குத்தான் வரும். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் கேலி செய்யும் வரிகள். ஆனால் சனிக்கிழமை வந்தது அப்படியில்லை. திங்கட்கிழமை யுவஸ்ரீயிடம் தனியாகக் காட்டலாம் என்றிருந்தாள். அவள் வரவில்லை. மூன்று நாளாக ஈவ்லின் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன்... ஆனா பொண்ண அனுப்புங்க. பரீட்ச வருது... அதெப்படிங்க நிறுத்துவீங்க? அவளுக்கு இந்தப் பாடம் அவ்ளோ நல்லா வருது... அண்ணா, கத்தாதீங்க. நான் சொல்றத... ஆங்... ஆங்...”

திடீரென்று அந்தப் பக்கத்துக் குரல் இறங்கிவிட்டது.

“என்ன சொன்னீங்க? கேக்கல... அப்படிச் சொல்லாதீங்கண்ணா. மூணு வருஷமா ஒரு தகவல் இல்லன்னா செத்துட்டான்னு அர்த்தமா?... வீட்டுலயும் அப்படித்தான் நெனச்சிகினு இருக்காங்களா?... அழுவாதீங்க. அண்ணா... அண்ணா, அவ உயிரோடதான் இருக்குறா.”

வாயை மூடிக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது. சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாளாகப் போட்டுப் புரட்டிய விஷயம், அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

“ஹலோ... லைன்ல இருக்கீங்களா?... ஆங். பதில் வந்திருக்குது. சனிக்கிழம... அவதாங்க. யாராச்சும் விளையாடறாங்களோன்னு எனக்கும் சந்தேகம்தான். ஆனா சின்ன வயசுல மோவாயில தையல் போட்டத எழுதிக்கீறா. நீங்க சைக்கிள்ல உக்கார வெச்சிகினு ஆஸ்பத்திரிக்கு... ஆங்... ஆங், நாலு தையல். நாலுன்னுதான் எழுதிக்கீறா...

“இல்லண்ணா, ஊரு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்... திட்டினாலும் சொல்ல மாட்டேன். ஹெச்செம் கிட்ட போனாலும் சரி... நல்லா இருக்குறா. பொண்ணு பொறந்திருக்குது. ஆறு மாசம் ஆவுது... பேரு எழுதலைங்க... யார் சாடைன்னு எனக்கு எப்படித் தெரியும்? போட்டோ இல்லியே...”

அடுத்த கேள்வி வந்தது. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்கிறார். கேட்டிருக்கிறாள். ஆனால் அதற்கு மேலே இன்னொரு வரியும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கீழ்வரியை மட்டும் படித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவள் விரல் திரையில் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே நின்றது.

“அண்ணா... உள்ளத சொல்லிடறேன். ‘நைனாகிட்ட சொல்லாத’ன்னு எழுதிக்கீறா.”

போனில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஆட்டை விரட்டினார்கள்.

“அதுக்குக் கீழயே, ‘நைனா கால் வீக்கம் இப்ப எப்படி கீது’ன்னு கேட்டுக்கீறா.

“...ஆங். இருக்கேங்க. நீங்க நிதானமா...

“...என்னன்னு எழுதணும்? வத்திப் போச்சுன்னா?... நெசமாவே வத்திடுச்சா?... செருப்பு கூட போட முடியலன்றீங்க. அப்பறம் எதுக்கு... ஓ. கைக்கொழந்தக்காரி, கவலப்படுவான்னு. ஆங்... ஆங்...

“இல்லண்ணா, நான் எழுத மாட்டேன். அது யுவஸ்ரீக்கு வந்தது. அவதான் எழுதணும். உங்ககிட்ட சொன்னதுக்கு அவ என்ன நெனப்பாளோ, அதுவே எனக்கு... இன்னிக்கேவா அனுப்பறீங்க? ரெண்டு மணி பஸ்ஸுக்கா?... யூனிஃபார்ம் இல்லாட்டி பரவாயில்லைங்க, வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிடறேன்... நீங்களும் வரீங்களா? அந்தக் கால வெச்சிகினு எப்படி... சரி, சரி, வாங்க. ஆனா அவ எழுதும்போது நீங்க பக்கத்துல நின்னுகினு சொல்லித்தரக் கூடாது, அத மட்டும்... ஹலோ?... ஹலோ...”

லைன் போய்விட்டது. ஈவ்லின் திரும்பக் கூப்பிடவில்லை. யுவஸ்ரீயின் பக்கத்தைத் திறந்தாள். முதலில் போட்டோவை எடுத்தாள், பிறகு பெயரை, பிறகு அந்த வரியை. மிச்சமிருந்தது வெறும் பெட்டி ஒன்று. அதன் மேல் கொஞ்ச நேரம் அம்புக்குறியை வைத்திருந்துவிட்டு, அதை மட்டும் அழிக்காமல் விட்டு எழுந்து, வாட்ச்மேனிடம் சொல்வதற்காக வாசலுக்குப் போனாள்.