மாப்பிள்ளைக்கு மாட்டின டயர்

டயர் வாங்க வாரவங்க முக்காவாசிப் பேரு ரோட்டுல படற மேடு இருக்கே, அந்தப் பட்டனைத்தான் தடவிப் பாக்கறாங்க சார். பட்டன் ஆழமா இருந்தா புதுசு, தேஞ்சிருந்தா பழசு, அவ்வளவுதான் அவங்களுக்கு. எங்கூரு நெருப்பெரிச்சல்ல கடை போட்ட நாளிலிருந்து நானும் சொல்லித்தான் பாக்கறேன், ரப்பருக்கும் வயசு இருக்குது, சும்மா கெடந்தாலும் கெழடாகும்னு. ஆரு கேக்கறாங்க?

டீக்கு நன்றிங்க. எழுதறவரு எழுதிக்கட்டும், நான் நிதானமாவே சொல்றேன்.

மைதிலி எனக்குத் தங்கச்சி. அம்மா போனதுக்கப்புறம் நான் சடை பின்னி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு வளர்த்த புள்ளை. மோகன்ராஜுக்குக் கட்டிக் குடுத்தோம். ஜெர்மனிக்குக் கொழந்தைத் துணி ஏத்துமதி பண்றவரு. நல்ல குடும்பம், நல்ல படிப்பு. குடிச்சா மட்டும் கை நீளும். ஒருக்கா அவ மணிக்கட்டை முறிச்சே போட்டாரு. கூட்டியாந்து என்ற ஊட்டுல வெச்சுக்கிட்டேன். எனக்குக் கலியாணம் அமையலைங்க. அந்தக் கொஞ்ச மாசம் கடையைச் சாத்திட்டுப் போனா ஊட்டுல வெளக்கெரியும், ரசம் கொதிக்கற வாசம் வரும். "அண்ணா, இந்த ஊறுகா மூடியத் தெறந்து குடு"ன்னு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பா. நான் சந்தோசமா இருந்தனுங்க. சொல்றதுல எனக்கென்ன வெக்கம்?

அப்புறம் மாப்ளை வந்தாரு. குடியை உட்டுட்டேன்னாரு. உட்டுட்டாருதான், நானே நாலு எடத்துல விசாரிச்சேன். இவ பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. "அவரு மாறிட்டாருண்ணா"ன்னா. மனுசன் அப்படியெல்லாம் மாறுவானுங்களா சார்? நீங்க போலீஸ்காரரு, உங்களுக்குத் தெரியாததா?

இந்தப் பொங்கலை ஒட்டி மாப்ளைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய நிட்டிங் மெஷின் கண்டெய்னர்ல வந்துது. அவருகிட்டச் சரக்கு வாங்கற ஜெர்மன்காரரும் இவரும் வெச்சிருக்கறது ஒரே மாடல் கார், பெரிய கார். பனி கொட்டற காலத்துக்குன்னு அங்க தனியா வீல் செட் வெச்சிருப்பாங்க. தன்னோடதை, ரிம்மும் டயருமா நாலையும், அந்த மனுசன் மெஷினோட சேத்து அன்பளிப்பா அனுப்பியிருந்தாரு. மாப்ளை அதை வேன்ல ஏத்திக்கிட்டுக் கடைக்கே வந்துட்டாரு. ரிம்மு அப்படியொரு அழகுங்க.

"மச்சான், இதை மாட்டலாமா, வேற வாங்கலாமா? நீங்க சொல்றதுதான்"னாரு.

நான் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பனியில புடிச்சு ஓடறதுக்காக மெத்துனு செஞ்ச ரப்பர். செஞ்ச வாரமும் வருசமும் டயரோட ஒரு பக்கத்துல நாலு இலக்கமா இருக்கும். பன்னெண்டு வருசம் தாண்டியிருந்துது. வருசத்துல கொஞ்ச நாள்தான மாட்டுவாங்க, அதனால பட்டன் மட்டும் அப்படியே இருந்துது. நம்மூரு ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அங்க இருபது வருசம் ஓடின மெஷினைக் கொண்டாந்து இங்க இன்னும் இருபது வருசம் ஓட்டறமில்லீங்களா, அதனால ஜெர்மன்காரன் பொருள்னா சாவே இல்லைன்னு நெனப்பு. இரும்புக்குச் சரி. ரப்பருக்கு ஆகாது.

"அருமையான சரக்குங்க மாப்ளை. பத்திரமா வெச்சிருங்க. இருக்கற டயரு தேயட்டும், சித்திரை கழிச்சு மாட்டிக்கலாம்"னு சொன்னேன்.

ஏன் தள்ளிப் போட்டேன்னு கேக்கறீங்க. வெயில் ஏறட்டும்னுதாங்க. கெழட்டு ரப்பர், அதுவும் பனிக்குச் செஞ்சது, சூட்டுக்குத் தாங்காது.

அக்னி நட்சத்திரத்துல, பெங்களூரு போகோணும், டயரை மாட்டிருங்கன்னு வந்தாரு. எப்பவும் தனியாத்தான் போவாரு. ஒவ்வொரு டயரையும் ரிம்மிலிருந்து கழட்டி, வருசம் இருக்கற பக்கத்தை உள்ளாறத் திருப்பி மாட்டினேன். படிச்சவரு, எதையும் போன்ல தேடிப் பாப்பாருங்க. சன்னமா வெடிப்பு ஓடின எடத்துலெல்லாம் கறுப்புப் பாலிஷைப் பூசித் தேச்சேன். காத்துப் புடிச்சு, அலைன்மென்ட் பாத்து, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழமும் வெச்சேன். வேலையில நான் கொறை வெக்க மாட்டேன். "அவங்க ஊருல பறக்கற டயருங்க இது, தைரியமா மிதிங்க"ன்னேன். கையைப் புடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனாரு. அது எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துது.

அடுத்த நாள் காலையில மைதிலி போன் பண்ணினா. "அண்ணா, நானும் அவரோட போறேன்"னா. குரல்ல அத்தனை குதூகலம். கலியாணமானதுலருந்து அவளை வெளியூருக்குன்னு கூட்டிப் போனதே இல்லையாம்.

நீங்க இந்த எடத்துலதான் நிறுத்தி நிறுத்திக் கேக்கறீங்க. சொல்லியிருக்கலாம். டயர்ல ஒரு சந்தேகம், காரை எடுக்காதீங்கன்னா போதும். வாய் வரைக்கும் வந்துது சார். சொன்னா, தெரிஞ்சும் ஏன் மாட்டினேன்னு கேப்பா. அப்புறம் என்ற ஊட்டுப் படி மிதிப்பாளா? அதனால, "பெல்ட்டைப் போட்டுக்க கண்ணு"ன்னு மட்டும் சொன்னேன். அக்கறையில்லாதவன் அதைச் சொல்லுவானா?

பெருந்துறை தாண்டி நல்ல உச்சி வெயில்ல பின்சக்கரத்து டயரு தோலாட்ட உரிஞ்சுக்கிச்சு. கார் உருண்டுது. மாப்ளை அங்கயே முடிஞ்சாரு. மைதிலி உசுரை பெல்ட்டு காப்பாத்திக் குடுத்துது. இடுப்புக்குக் கீழதான் ஒண்ணும் தெரியலை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரா என்ற ஊட்டுக்குத்தான் கொண்டாந்தேன். சாப்பாட்டுலருந்து துணி மாத்தறது வரைக்கும் ஒரு கொறையில்லாமப் பாத்துக்கறேன். எங்கூடப் பேசறதில்லை. நான் உள்ள போனா மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கறா. மருந்து வேகம் அப்படித்தான் பண்ணுமுங்க.

ஆமாங்க, நான்தான் செஞ்சேன். தெரிஞ்சேதான் மாட்டினேன். எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன். எல்லாமே அவளுக்காகத்தான்.

புகார் குடுத்ததே அவதான்னு சொன்னீங்க, பெல்ட்டைப் போட்டுக்கன்னு நான் சொன்னதை வெச்சே சந்தேகப்பட்டாளாம். அதை நான் பெருசா எடுத்துக்கலை சார். படுத்தே கெடக்கறவளுக்கு மண்டைக்குள்ள ஏதேதோ ஓடத்தான் செய்யும். நீங்க கொஞ்சம் சீக்கிரமா முடிச்சு அனுப்புங்க. அவளைப் புரட்டிப் படுக்க வெக்கோணும், இல்லீன்னா முதுகு புண்ணாயிரும். பாவம், என்னைய விட்டா அவளுக்கு ஆருங்க இருக்கறா?