வால் இல்லாத வரி

எனக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் போதும், ஐயா. யாரையும் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். நோயாளியின் எடையைக் கொடுத்தால், எவ்வளவு மருந்து ஏற்றலாம் என்று திரை சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு கோப்பு இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைக்கும். பெயரோடு புள்ளி வைத்து 'js' என்ற வாலையும் எழுத வேண்டும் என்பேன். எழுதாவிட்டால், அந்தப் பெயரில் எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவி எடுத்துக்கொள்ளும். வால் இல்லாத வரியைத் தடுக்க ஒரு விதி வேண்டும் என்று, கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன்.

"வால் அண்ணன் ஆரம்பிச்சிட்டாருப்பா" என்று சிரிப்பார்கள். அதிகம் சிரித்தவள் பக்கத்து மேசைக்காரி.

"அது தானா கண்டுபிடிச்சுக்கும்ண்ணே. நீங்க ஏன் அலட்டிக்கறீங்க?"

நல்ல பெண். மதியச் சாப்பாட்டில் எனக்கும் பங்கு வைப்பாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு சுட்டது.

மருந்தளவைக் கணக்கிடும் பழைய கோப்பு ஒன்று உண்டு. எடையைப் பார்க்காமல் எல்லோரையும் பெரியவர்களாகவே கணக்கிடும் என்பதால் ஒதுக்கிவிட்டோம். ஒரு நாள் அது புதிய கோப்பின் பக்கத்திலேயே, அதே பெயரில், 'mjs' என்ற வாலோடு இருந்தது. கருவி அந்த வாலைத்தான் முதலில் தேடும். புதிய கோப்பை அழைக்க அவள் எழுதிய வரியிலோ வாலே இல்லை. பெரியவர்களின் எடையை மட்டும் போட்டுச் சோதிப்பது எங்கள் வழக்கம். எல்லாச் சோதனையும் சரி என்று திரை பச்சை காட்டியது.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடட்டுமாண்ணே?"

"உன் இஷ்டம்மா" என்றேன்.

யாராவது ஒரு நர்ஸ் சந்தேகப்பட்டு ஃபோன் செய்வார், அத்தோடு நான் சொன்னது சரி என்று தெரிந்துவிடும் என நினைத்தேன். அந்த நர்ஸ் திரையை நம்பிவிட்டார். குழந்தைக்கு இரண்டு வயது.

"நீங்க தலபாடா அடிச்சுக்கிட்டீங்களேண்ணே, நான்தான் கேக்கல" என்று அவள் அழுதாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்தில் விதி ஒருமனதாக நிறைவேறியது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஐயா. அதைச் சொல்லும்போதுதான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆமாம், பழைய கோப்புக்குப் பெயர் மாற்றி அங்கே வைத்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எதையும் மறைக்கப்போவதில்லை.

ஆனால் அவள் அந்த ஒரு புள்ளியையும் இரண்டு எழுத்தையும் போட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும், இல்லையா?