சோதனைக்குப் போகும் தண்ணீர்

அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போன வள்ளத்தில் எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருந்தோம். எதிரே ஒருத்தியின் மடியில் தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் போத்தில். அதற்குள் வெயில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது குடிக்கிற தண்ணியில்லை, அக்கா," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

"ஏன், உப்போ?"

"இல்லை. வீட்டுப் பிளாஸ்ரிக் கான் தண்ணி. சின்னவள் குடிச்சதையெல்லாம் சத்தியெடுக்கிறாள். பிளாஸ்ரிக் கரைஞ்சிருக்கோ எண்டு யாழ்ப்பாணத்திலை சோதிக்கக் கொண்டுபோறன்."

"அப்ப கானோடையே கொண்டுபோயிருக்கலாமே?"

"ஏலாதாம். சோதிக்கிற தண்ணியிலை வேறை பிளாஸ்ரிக் படக்கூடாதாம். அதுதான் கண்ணாடிப் போத்தில். மூண்டுதரம் சுடுதண்ணியிலை அவிச்சனான்."

"மூடியைக் காணேல்லை?"

"அது துலைஞ்சுபோச்சு. பொலித்தீன் பையைச் சுருட்டி இறுக்கி அடைச்சிருக்கிறன். ஒரு சொட்டும் ஒழுகாது."

"கெட்டிக்காரிதான் நீர்," என்றாள் அக்கா.

வள்ளம் சரியும்போதெல்லாம் தண்ணீர் மெல்ல எழும்பி அந்தப் பையை நனைத்துவிட்டு இறங்கியது.