வீட்டுச் சாவி

"இனி நான் விழுந்தா முதல்ல ரத்தம் எடுப்பியுங்கோ, செபமாலை பிறகு சொல்லலாம்."

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், என் பின் இருக்கையில் ஓர் இளம்பெண் இதைத் தன் அக்காவிடம் சொன்னாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்.

"டொக்டர் என்ன சொன்னவர்? அதைச் சொல்லு."

"காக்கா வலிப்பெண்டா, விழுந்து கொஞ்ச நேரத்துக்கு ரத்தத்தில ஒரு ஹோர்மோன் ஏறி நிக்குமாம். நீங்க ஒவ்வொரு முறையும் செபம் முடிச்சுத்தானே கொண்டு போனீங்க, அதுக்குள்ள இறங்கியிருந்தாலும் தெரியாதாம். போன கிழமை கிளினிக் வாசல்லயே விழுந்தனான், உடனே ரத்தம் எடுத்தவை. ஏறேல்லையாம். விழுந்ததையும் டொக்டர் கண்ணால பார்த்தவர். வலிப்பில்லையாம் அக்கா."

"அப்ப இவ்வளவு நாளும் நடிச்சனியோடி?"

"நானும் பயந்து பயந்து அதைத்தான் கேட்டனான். நடிப்புமில்லையாம். அண்ணாவைச் செக்பொயின்ற்றில இறக்கிக் கொண்டு போனாங்களே, அதுக்குப் பிறகுதானே வருது? அண்ணா வந்திட்டான், என்ர பயம் போகேல்லை. அதுதான் உடம்பை ஆட்டுதாம். கதைச்சே சுகமாக்கலாமாம்."

"வலிப்புக்குப் போடுற குளிசை?"

"கொஞ்சங்கொஞ்சமா நிப்பாட்டலாமாம். இனி குளிசை மயக்கத்தில நித்திரை தூங்கி விழாம மெசின்ல இருந்து தைக்கலாம்."

"மாதாவே! இதை முதல்ல சொல்லியிருக்கலாமே."

பஸ் சோதனைச் சாவடியில் நின்றது. எல்லோரும் இறங்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது வழக்கம். அக்கா அவசரமாகச் சாவிக்கொத்தை நீட்டினாள்.

"அது வீட்டுப் பூட்டுக்கு, அக்கா" என்று தங்கை சிரித்தாள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் முன்னால் இறங்கிப் போனாள்.