பாட்டுக்குள்ள ஒரு கடுக் மொடுக்

அட நீங்க வேற அண்ணாச்சி! "கண்ண மூடிக் கேளுங்க, பாடுற ஆளு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்"னு ஒவ்வொரு கடக்காரனும் சொல்லிச் சொல்லியே இதோட மூணாவது சாமான் வாங்கியாச்சு. மூணு! பரளச்சியில எங்க வீட்டுல உழவுக்கு ஒரு மாடு கெடையாது, பாட்டுக் கேக்க மூணு மெசினு கெடக்கு. சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிக்குது, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த நீங்க சிரிச்சா என்ன வந்துச்சு.

இந்தா, கையில வாங்கிப் பாருங்க. தீப்பெட்டியத்தண்டிதான் இருக்கு. இதுல போனு பேச முடியாது, படம் பாக்க முடியாது, பாட்டு மட்டுந்தேன். நான் எப்பிடித் தேர்ந்தெடுத்தேன்ங்கிறீக? கனம் பாத்து! நெசமாத்தான் அண்ணாச்சி. விருதுநகர்க் கடையில இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு வச்சுக்கிட்டுத் தராசு மாதிரி நிக்கிறேன், வேல பாக்குற பிள்ளைக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுக. ஈரப் பருத்தியும்தான் கனமா இருக்கும். அது தெரிஞ்ச, வெள்ளாம பண்ணுற சம்சாரிக்கு அங்க போயி நின்னா மட்டும் புத்தி எங்கிட்டோ போயிருது.

மொதல்ல வாங்குனது காதுக்குள்ள சொருகுற வயரு. அதுல கேட்டா பாட்டுக்கு நடுவுல 'கடுக் மொடுக்'னு ஒரு சத்தம். வயரு சரியில்லனு தூக்கிப் போட்டேன். அடுத்து நீட்டமா ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதுல வச்சா பாட்டும் பெருசாக் கேக்குது, அந்த எழவெடுத்த கடுக் மொடுக்கும் பெருசாக் கேக்குது! அது இப்ப எங்க இருக்குனு கேளுங்களேன். மக்காச்சோளக் காட்டுல பன்னி வெரட்டுது. 'ஏய், ஓய்'னு நான் கத்துறதப் பதிஞ்சு வச்சிருக்கேன், ராவெல்லாம் அதுவே கத்தும். என் கொரலுக்கு அது போதும்.

ஆனா அவ கொரலுக்குப் போதாதுல்ல அண்ணாச்சி.

ஆமா, எம் பொண்டாட்டி, தங்கத்தாயி. பெரிய பாடகியெல்லாம் இல்ல. மொளப்பாரி வச்சுக் கும்மியடிக்கையில அவதான் எடுத்துக் குடுப்பா, மத்த பொம்பளைக பின்னாடி பாடுவாக. அவ ஒரு எடுப்பு எடுத்தா மேலத்தெருவுல கேக்கும். போன பங்குனிப் பொங்கலுக்கு அவ பாடுனத நாந்தான் என் போனுல பிடிச்சேன். ஆனியில அவளுக்குக் கழுத்துல கட்டி, ஆப்பரேசன். டாக்டர் மேல குத்தமில்ல, உசுரு தங்குச்சு, அது பெருசு. ஆனா கொரலு போச்சு. வெறுங்காத்துதேன் வருது. இனிமே அவ பாட்டுன்னா இந்த ஒண்ணுதான் அண்ணாச்சி. இந்த ஒண்ணே ஒண்ணு. அதுலயும் கடுக் மொடுக்னா எனக்குப் பத்திக்கிட்டு வருமா வராதா?

அந்தப் பத்துனதுதான் வெனையாப் போச்சு. இது பேச்சியோட வளையல்தான்னு முடிவு பண்ணிட்டேன். பேச்சி யாருன்னா, தங்கத்தாயிக்குச் சின்ன வயசுல இருந்து கூட்டாளி, கும்மியில அவ பக்கத்துலதான் நிப்பா. கையி நெறையா வளையல். ரேசன் கடையில அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, "நாலு வளையலக் கழட்டி வச்சுட்டுக் கும்மியடிச்சா கொறஞ்சா போயிருவ? எம் பொண்டாட்டி பாட்டக் கெடுத்துட்டியே"ன்னுட்டேன். பாவம், அரிசிகூட வாங்காமப் போயிட்டா. அன்னையில இருந்து எங்க வாசப்படி மிதிக்கிறதில்ல.

தங்கத்தாயி காதுக்கு இது போச்சு. அம்புட்டுத்தேன். இருக்குற அந்தக் காத்துக் கொரலும் எனக்குக் கெடையாதுனு ஆகிப்போச்சு. கோழிகிட்டப் பேசுவா, ஆட்டுகிட்டப் பேசுவா. எனக்குன்னா சோத்து வட்டில்ல கரண்டியால ரெண்டு தட்டு. சோறு வேணும்னா வந்து தின்னுன்னு அர்த்தம்.

சரி, இன்னக்கி நடந்ததக் கேளுங்க. இந்த மெசினுல பாட்ட ஏத்தி, இதுகூடவே குடுக்குற, ரெண்டு காதும் மூடுற மாதிரி பெருசா ஒண்ண மாட்டிவிட்டாக. ஆத்தாடி! அவ மூச்சு வாங்குறது கேக்குது அண்ணாச்சி. கை தட்டுறது தனியா, வளையல் கிலுங்குறது தனியா, அங்கிட்டு தூரத்துல. கடுக் மொடுக் மட்டும் பக்கத்துல, என் தாடைக்குள்ள இருந்து வார மாதிரி. என்னடானு உத்துக் கேட்டா, நடுவுல ஒரு ஆம்பளக் கொரலு. "ஏலே மாரிச்சாமி, சேவுல உப்புக் கூடிப்போச்சுலே."

நான்! பக்கத்துல நின்னவன்கிட்டப் பேசுனது நாந்தான்! ஒரு கையில போனு, மறு கையில சேவுப் பொட்டலம். பாட்டு மயக்கத்துல அத்தனையும் நொறுக்கியிருக்கேன். அந்தக் கடையில இருந்த வெல கூடுன மெசினு அம்புட்டும் ஒண்ணாச் சேந்து, என் வாயி மெல்லுறத எனக்கே சுத்தமா ஒலிபரப்புதுக.

இருங்க, எந்திரிச்சிராதீக, இன்னும் உங்க ஊரு வரல. அந்தப் பாட்டுல ஒரு எடத்துல அவ கொரலு லேசா நடுங்கும். கட்டி அப்பவே உள்ள இருந்திருக்கு, பாவி நான் கவனிக்காம விட்டுட்டேனேனு அந்த எடத்த வச்சு வச்சு அழுதிருக்கேன். இன்னக்கித்தான் தெரியுது. அது நடுக்கம் இல்ல அண்ணாச்சி, சிரிப்பு. நான் வாய் நெறைய அதக்கிக்கிட்டுப் போனத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறதப் பாத்து, வந்த சிரிப்ப அடக்கிக்கிட்டுப் பாடுறா.

"பெரியவரே, அந்தக் கடுக் மொடுக்க மட்டும் எடுத்துறலாமா?"ன்னு கடக்காரர் கேட்டார். வேணாம்னுட்டேன். அத எடுத்துட்டா அவ எதுக்குச் சிரிக்கிறான்னு யாருக்குத் தெரியும்?

என்ன, பாலவனத்தம் வந்துருச்சா? எறங்குங்க, எறங்குங்க, பையப் பிடிங்க. நான் ஊருக்குப் போயி மொதல்ல பேச்சி வீட்டுக்குத்தான் போறேன். இத அவ காதுல மாட்டிவிட்டு, "தாயி, உன் வளையல் இல்ல, என் வாயி"ன்னு சொல்லிக் கால்ல விழுந்தாலும் தப்பில்ல. கையோட அவளக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு. தங்கத்தாயி கேக்கட்டும். கேட்டுட்டு அந்தக் காத்துக் கொரல்ல, "சோத்துமாடே"ன்னு என்னய ஒரு வார்த்த வஞ்சாப் போதும் அண்ணாச்சி... ஒரே ஒரு வார்த்த. மூணு மாசமாச்சு அவ எங்கிட்டப் பேசி.