உழக்கும் சொம்பும் ஒரு கத்திரிக்காயும்

இன்பராஜ்: பதினோரு பந்து போட்டேன் கஸ்தூரி. ஒண்ணே ஒண்ணுதான் கூடைக்குள்ள விழுந்துச்சு.

கஸ்தூரி: அருப்புக்கோட்டையில நம்ம மில்லுக்கு ஆடுறப்ப பத்துக்கு ஏழு விழுமே அத்தான்?

இன்பராஜ்: அதான் புரியல. அதே கை... அதே பந்து. மதுரை மில்லுல சிமிண்டுத் தரை. அதுவா இருக்கும்.

கஸ்தூரி: கூடை தரையிலயா இருக்கு?

இன்பராஜ்: கேலி பண்ணாத. அங்க எடுத்துக்கிட்டா ஆட்டந்தான் வேலையே, மாசச் சம்பளம். ஞாயித்துக்கெழமை இன்னொரு தடவ வரச் சொல்லியிருக்காக. அன்னைக்கும் விட்டேன்னா அம்புட்டுத்தான்.

கஸ்தூரி: அழுதுராதீக... இங்க வாங்க. இந்தக் கத்திரிக்கா நீங்க.

இன்பராஜ்: சூத்தையால்ல இருக்கு!

கஸ்தூரி: நல்லதெல்லாம் கொழம்புக்குப் போயிருச்சு. இந்தச் சொம்பு உங்கள மறிக்க வாரவன். இந்த உழக்கு உங்க கூட ஆடுற தவசி அண்ணன்.

இன்பராஜ்: அவன் எதுக்கு? ஒரு ஆட்டத்துல ரெண்டு பந்து போட்டா அதிசயம். கைதட்டு பூராம் எனக்கு. நாந்தான் ஸ்டாரு.

கஸ்தூரி: சரி ஸ்டாரு, வலப்பக்கமா ஓடுறீக. சொம்பு பின்னாலயே வருது. உழக்கு என்ன செய்யுது?

இன்பராஜ்: ...குறுக்க வந்து நிக்குது.

கஸ்தூரி: அசையாம. சொம்பு அதுல முட்டி, சுத்தி வாரதுக்குள்ள?

இன்பராஜ்: நான் நின்னு நிதானமா போட்டுருவேன்.

கஸ்தூரி: இப்ப உழக்க எடுத்துட்டேன்.

இன்பராஜ்: சொம்பு மூஞ்சிக்கு நேரா... ஏய்! மதுரையில அப்படித்தான் நடந்துச்சு!

கஸ்தூரி: திருச்சுழி ஆட்டத்தப்ப தவசி அண்ணன் காய்ச்சல்ல படுத்தாக. தோத்தீக.

இன்பராஜ்: அன்னைக்கு வெயிலு...

கஸ்தூரி: எதிராளிக்கு அடிக்காத வெயிலா? யாரு எறங்குனா மத்த நாலு பேரும் நல்லா ஆடுறாகளோ, அவுகதான் ஸ்டாரு.

இன்பராஜ்: சரி தாயி... ஆனா மதுரையில என்னைய மட்டுந்தான கூப்பிட்டாக?

கஸ்தூரி: நெசமாவா?

இன்பராஜ்: பின்ன? எனக்குத்தான காயிதம் போட்டாக.

கஸ்தூரி: சட்டைய தொவைக்கப் போட்டீகளே... பையிலதான் அந்தக் காயிதம் இருந்துச்சு.

இன்பராஜ்: ...தவசியையும் கூட்டிக்கிட்டு வான்னுதான் எழுதியிருந்தாக. எடம் ஒண்ணுதான்னா அவன் தட்டிக்கிட்டுப் போயிருவானோன்னு மறைச்சிட்டேன். மதுரையில அவன் எங்கன்னு கேட்டதுக்கு, அவனுக்குக் கால் சுளுக்குன்னேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன்கிட்டப் போவேன்?

கஸ்தூரி: நேத்தே நான் போயி காயிதத்தக் குடுத்துட்டேன். ஒரு மணி நேரம் மொறைச்சாக, அப்புறம் சிரிச்சாக. ஞாயித்துக்கெழமை மொத பஸ்ஸுக்கு வாராக. சுளுக்கு சரியாயிருச்சுன்னு சொல்லிருங்க... அவுக குறுக்க நிக்கட்டும், நீங்க பந்தப் போடுங்க.